பக்கத்து மேசைக் கணினி ஏன் கண்ணில் படுவதில்லை?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள் அன்று, விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை படித்த பிள்ளைகளுக்கும், கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தன. அதுவரை முசரவாக்கம் மாதிரி ஊர்களில் கணினி இருந்த வீடே அபூர்வம். இருந்த வீட்டில் மூலையில் ஒரு பெரிய பெட்டி, அதன் மேல் பூப்போட்ட துணி. பேத்தி கையில் அரசு லேப்டாப் வந்த அன்று, அந்த வீட்டில் இரண்டு கணினிகள் ஆயின. அன்றிலிருந்து ஒரு கேள்வியும் கூடவே வந்தது. பெட்டியில் இருப்பதை லேப்டாப்புக்கு எப்படிக் கொண்டுபோவது? இரண்டும் ஒரே அறையில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கு மற்றது தெரிவதில்லை.

இந்தக் கேள்வியை என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் பொறியாளன் இல்லை, குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஓர் ஆபீசில் கோப்பு நகரவில்லை என்றால் அது எந்த மேசையில் நின்றிருக்கிறது என்று வரிசையாகப் பார்ப்பது எங்கள் பிழைப்பு. இந்த விஷயமும் அப்படித்தான். பெரும்பாலும் இரண்டு கணினியிலும் பழுது ஒன்றும் இருக்காது. ஒவ்வொன்றும் அதனதன் காலத்து விதிப்படி ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கும். எந்த விதி எந்த ஆண்டு, எதற்காக வந்தது என்று தெரிந்தால், எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ஒயர். அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த பாப் மெட்காஃப், 1973 மே 22 அன்று ஒரு குறிப்பு எழுதினார். அதில்தான் ஈதர்நெட் என்ற பெயர் வருகிறது. ஒரே தடித்த கேபிள், எல்லாக் கணினியும் அதில் தொங்கும், யார் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும் என்பதே அன்றைய ஏற்பாடு. இப்போது நாம் செருகும் முறுக்கிய கம்பி, டெலிபோன் செருகியின் பெரியண்ணன் மாதிரி இருக்கிறதே, அது 1990-ல்தான் தரநிலையாக வந்தது. அதில் 1, 2 என்ற ஊசிகள் பேசுவதற்கு. 3, 6 கேட்பதற்கு. இரண்டு கணினிகளை நேரடியாக ஒரே கேபிளால் இணைத்தால் வாய்க்கு எதிரே வாய், காதுக்கு எதிரே காது என்று ஆகிவிடும். அதற்காகவே ஒரு முனையில் ஜோடிகளை மாற்றிப் போட்ட 'கிராஸ் கேபிள்' விற்றார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கண்ணாடிச் செருகியைக் கண்ணருகே பிடித்து, நிற வரிசையைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பிறகு 1990-களின் கடைசியில், கருவியே தானாக ஊசிகளை மாற்றிக்கொள்ளும் வித்தையை ஹியூலெட் பேக்கார்டு கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஜிகாபிட் கார்டு உள்ள கணினியிலும் இன்றைய ரூட்டரிலும் இந்தக் கவலை கிடையாது. மூலையில் இருக்கும் பழைய பெட்டிக்கும் அதே வயதுடைய இன்னொன்றுக்கும் நேர் கேபிள் போட்டால் மட்டும் விளக்கு எரியாது. விளக்கு எரியாதவரை மேலே எதையும் தொட வேண்டாம்.

அடுத்தது எண். இங்கே ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. லூயி பூசான் 1970-களின் தொடக்கத்தில் சிக்லாத் என்ற வலையைப் பிரெஞ்சு அரசுக்காகக் கட்டினார். அந்நாளைய டெலிபோன் துறைகளுக்கு ஒரே வழிதான் தெரியும். டிரங்க் கால் போலப் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே முதலில் ஒரு தடம் போட்டு, பேச்சு முடியும்வரை அதைக் காப்பாற்ற வேண்டும். பூசான் அதை மாற்றினார். ஒவ்வொரு துண்டுச் செய்தியும் தபால் அட்டை போல முகவரியைச் சுமந்துகொண்டு தன் வழியில் போகட்டும், வந்து சேர்ந்ததா, விட்டுப்போனதா என்று பார்ப்பது இரு முனைகளில் இருப்பவர் பொறுப்பு என்றார். அமெரிக்காவில் விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-ல் வகுத்து, இன்று உலகமே பயன்படுத்தும் விதிகளில் இந்தக் கருத்து இருக்கிறது. பிரெஞ்சு அரசோ 1970-களின் கடைசியில் சிக்லாத்துக்குப் பணத்தை நிறுத்திவிட்டு, டெலிபோன் துறையின் வழியில் மினிட்டெல் என்ற பெட்டியை வீடு வீடாகக் கொடுத்தது. மினிட்டெல் நன்றாகத்தான் ஓடியது. 2012 ஜூன் 30-ல் மூடினார்கள். 2013-ல் இங்கிலாந்து ராணியின் பெயரிலான பொறியியல் பரிசைச் செர்ஃப், கான் ஆகியோருடன் பூசானுக்கும் கொடுத்தார்கள். தாமதம்தான், ஆனாலும் கொடுத்தார்களே.

இந்த ஏற்பாட்டில் நமக்கு வேண்டியது ஒன்று. துண்டுக்கு முகவரி இல்லாவிட்டால் ஒன்றும் நகராது. முகவரிக்கு முதலில் வகுத்த எண்கள் சுமார் 430 கோடி. தீர்ந்துவிடும் என்ற பயம் 1990-களிலேயே வந்ததால், வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண்கள் என்று சிலவற்றை ஒதுக்கினார்கள். 192.168 என்று தொடங்குவது அந்த வகை. 1996-ல் அந்த விதி இப்போதைய வடிவத்துக்கு வந்தது. முசரவாக்கத்தில் ஒரு வீட்டில் 192.168.1.2 இருந்தால், லியோனில் ஒரு வீட்டிலும் அதே எண் இருக்கலாம், சண்டை வராது. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேருக்கு அதே எண் இருந்தால் வரும். 169.254 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால் வேறு அர்த்தம். எண் கொடுக்க வேண்டிய ரூட்டரிடமிருந்து பதில் வராமல், கணினி தனக்குத்தானே ஒரு தற்காலிக எண் போட்டுக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 98 காலத்து வழக்கம் இது. ஒன்றில் 192, மற்றதில் 169 என்றால், மற்ற எல்லாச் சோதனையும் வீண்.

எண் சரியாக இருக்கிறதா, வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவி பிங். 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர் தன் வலை ஏதோ மக்கர் பண்ணுகிறது என்று ஒரே மாலையில் எழுதிய சின்ன நிரல். நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பதுபோல இதுவும் கேட்பதால் அந்தப் பெயர். அவர் 2000-ல் சாலை விபத்தில் இறந்துபோனார். நாற்பது ஆண்டுகளாக உலகத்தில் எந்த வலை பழுதானாலும் முதலில் தட்டுவது அவர் எழுதியதைத்தான்.

ஒயரும் டெலிபோனும் சரியில்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சரித்திரம் உண்டு. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், கனடா நாட்டு உதவியுடன், புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் ஒரு மையம் வைத்தார்கள். சுற்றுக் கிராமங்களில் ஒவ்வொரு கணினி. கிராமத்து டெலிபோன் லைனை நம்ப முடியாததால், வி.எச்.எப். வானொலிக் கருவிகள் வழியே மையத்துக் கணினியோடு பேச வைத்தார்கள். மின்சாரம் போனால் சூரியப் பலகை. எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் எல்லாம் அதில் இருந்தன. வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலை உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் படித்தார்கள். கீழூர் என்றால் என் வயதுப் புதுச்சேரிக்காரர்களுக்கு ஞாபகம் வருவது வேறு. 1954 அக்டோபர் 18-ல், இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று 178 பிரதிநிதிகள் வாக்களித்த ஊர் அது. 170 பேர் சேரலாம் என்றார்கள். அதே ஊரில் கணினிகள் காற்றில் பேசிக்கொண்டன.

வாக்கெடுப்பு என்றதும் இன்னொன்று. ஒயர் சரி, எண் சரி, பிங் பதில் தருகிறது. அப்படியும் 'நெட்வொர்க்' என்ற இடத்தைத் திறந்தால் அடுத்த கணினியின் பெயர் இல்லை. இங்கேதான் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம் என்னவென்றால், கணினியின் பெயரும் எண்ணும் வேறு வேறு காலத்துச் சரக்கு. 1980-களின் நடுவில் ஐ.பி.எம். தன் சிறு கணினிகளுக்கென்று ஒரு வலை விற்றது. ஒரு கட்டிடத்துக்குள், சில பத்துக் கணினிகளுக்குள் முடிந்துவிடும் வலை. ஒவ்வொன்றுக்கும் 15 எழுத்துக்குள் ஒரு பெயர், அவ்வளவுதான் முகவரி. அந்த நாளில் அங்கே வேலை பார்த்த பாரி ஃபைகன்பாம் என்பவர், ஒரு கணினியின் கோப்பை இன்னொன்றில் திறக்க ஒரு பாஷை எழுதினார். தன் பெயரின் முதலெழுத்துகளையே முதலில் அதற்கு வைத்தாராம், பிறகு எஸ்.எம்.பி. என்று ஆயிற்று. மைக்ரோசாஃப்ட் 1992-ல் 'விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ்' கொண்டுவந்தபோது இதையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டது.

அந்த ஏற்பாட்டில் யாருக்கும் நிரந்தரத் தலைமை கிடையாது. யார் யார் வலையில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை ஒரு கணினி வைத்திருக்கும். அது எது என்று கணினிகளுக்குள்ளேயே தேர்தல் நடக்கும். அதன் பெயரே எலெக்‌ஷன்தான். பதிப்பில் புதியவர் ஜெயிப்பார். சமமாக இருந்தால் அதிக நேரம் விழித்திருந்தவர் போன்ற கணக்குகள். ஒவ்வொரு கணினியும் 12 நிமிடத்துக்கு ஒரு தரம் 'நான் இருக்கிறேன்' என்று கூவும். மூன்று தரம் கூவாவிட்டால்தான் பட்டியலிலிருந்து பேர் எடுபடும். ஆகையால் அணைத்துவிட்ட கணினி அரைமணி நேரத்துக்கு மேல் பட்டியலில் உயிரோடு இருக்கும். இப்போதுதான் எழுந்த கணினி பட்டியல் கைமாறும்வரை இல்லாமலே இருக்கும். நம் வாக்காளர் பட்டியலை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். நடைமுறையில் என்னவென்றால், பெயர் தெரியவில்லை என்பதால் கணினி இல்லை என்று அர்த்தமில்லை. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு எண்ணையே நேராக அடித்துப் பார்க்க வேண்டும். குழுப் பெயரையும் பார்க்க வேண்டும். எக்ஸ்.பி.யின் வீட்டுப் பதிப்பில் அது 'எம்.எஸ்.ஹோம்' என்றும், மற்றவற்றில் 'ஒர்க்குரூப்' என்றும் இருக்கும். ஒரே அறையில் இரண்டு கட்சி.

இந்த எஸ்.எம்.பி. பாஷையின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 1991 கடைசியில், கான்பெராவில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தன் மேசைக் கணினியையும் யூனிக்ஸ் கணினியையும் இணைக்க விரும்பினார். அதற்கான இலக்கணப் புத்தகம் அவர் கையில் இல்லை. அதனால் இரண்டு கணினிகள் பேசிக்கொள்வதை ஒயரில் காது வைத்துக் கேட்டார். யார் என்ன கேட்டால் என்ன பதில் வருகிறது என்று குறித்தார். தானே அதைச் சொல்லிப் பார்த்தார். 1992 தொடக்கத்தில் அவருடைய நிரல் வெளிவந்தது. பின்னாளில் அதற்குப் பெயர் மாற்ற நேர்ந்தபோது, எஸ், எம், பி என்ற எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதியில் தேடினார். கிடைத்தவற்றில் ஒன்று ஒருவகைப் பழத்தின் பெயர், இன்னொன்று சாம்பா நடனம். நல்லவேளை, நடனத்தை எடுத்துக்கொண்டார்.

தன் முறையைப் பற்றி எழுதியபோது அவர் அதற்கு வைத்த பெயர் 'பிரெஞ்சுக் காப்பிக்கடை முறை'. பாஷை தெரியாத ஒருவர் பிரான்சில் ஒரு காப்பிக்கடைக்குப் போகிறார். அகராதி இல்லை. பக்கத்து மேசைக்காரர் ஏதோ சொல்கிறார், அவருக்கு ரொட்டி வருகிறது. அதே ஒலியை இவரும் சொல்கிறார், இவருக்கும் ரொட்டி வருகிறது. ஒரு சொல்லை மாற்றிச் சொல்கிறார், பரிமாறுபவர் முகம் சுளிக்கிறார். அந்தச் சுளிப்பும் ஒரு பாடம். இதைப் படித்தபோது எனக்கு வியப்பில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்கள் முதல் வகுப்பில் உட்கார்ந்தது இப்படித்தான். வீட்டில் தமிழ், வகுப்பில் முசியே வாயைத் திறந்தால் ஒரு சொல் புரியாது. முன்பெஞ்சுக்காரன் எதைச் சொன்னதும் வெளியே விட்டார்கள் என்று கேட்டு, அதே ஒலியை எழுப்பி வெளியே போய் வந்தோம். இலக்கணம் பிறகு வந்தது.

டிரிட்ஜெல் கூட்டத்தாருக்கு இலக்கணம் வர 15 ஆண்டு ஆயிற்று. மற்றவர் கணினியோடு பேசத் தேவையான விவரத்தைக் கொடு என்று ஐரோப்பிய ஆணையம் 2004-ல் மைக்ரோசாஃப்டுக்கு உத்தரவு போட்டது, கம்பெனி நீதிமன்றம் போனது, 2007 செப்டம்பரில் தோற்றது. அந்த டிசம்பரில், 10,000 யூரோ கட்டணத்துக்கு ஆவணங்களைக் கொடுத்தார்கள். அதற்குள் சாம்பா உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. இன்று லினக்ஸ் கணினியும் விண்டோஸ் கணினியும் கோப்பு மாற்றிக்கொண்டால் நடுவில் இருப்பது பெரும்பாலும் அதுதான். நம் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் 'பாஸ்' என்று ஒன்று இருந்ததே, சென்னை சி-டாக் மையத்தில் உருவான இந்திய லினக்ஸ், அதிலும் இது உண்டு. பாவம், அந்தப் பாதியைத் திறந்தே பார்க்காத பிள்ளைகள் அநேகம்.

கடைசி வாசல் பூட்டு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு, வலையில் செருகியிருந்தாலே போதும் என்று கணினிகளுக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த எக்ஸ்.பி. இரண்டாம் திருத்தத்தில், வெளியே இருந்து வரும் பேச்சைத் தடுக்கும் ஃபயர்வால் தானாகவே இயங்கத் தொடங்கியது. அன்றுவரை பேசிக்கொண்டிருந்த கணினிகள் மறுநாள் ஊமையானதற்கு அதுவே காரணம். கடவுச்சொல் வைக்காத கணக்கின் பெயரில் வலை வழியே நுழைவதையும் எக்ஸ்.பி. காலத்திலிருந்தே மறுத்துவிட்டார்கள். இங்கே ஒரு சின்ன உபாயம்: 'பாதை காணவில்லை' என்று வந்தால் கோளாறு கீழே, ஒயரிலோ எண்ணிலோ ஃபயர்வாலிலோ. 'அனுமதி இல்லை' என்று வந்தால் சந்தோஷப்படுங்கள். வீடு கிடைத்துவிட்டது, காவலாளிதான் நிற்கிறார்.

பிறகு 2017 மே 12. வான்னகிரை என்ற பிணைத்தொகை நிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பக்கத்தில் ஆந்திரப் போலீஸ் கணினிகள் பூட்டிக்கொண்டன. அது நுழைந்த ஓட்டை, எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பில் இருந்தது. அதை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். அந்த அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-ன் பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் முதல் பதிப்பு பாஷையையே எடுத்துவிட்டார்கள். எக்ஸ்.பி.க்குத் தெரிந்ததோ அது ஒன்றுதான். முன்னே சொன்ன தேர்தலும் வாக்காளர் பட்டியலும் அதோடு போயிற்று. 2018-ல் ஹோம்குரூப் என்ற வசதியும் போயிற்று. நியாயமான முடிவுதான். ஆனால் மூலையில் பழைய பெட்டி இருந்த வீடுகளில் ஒரே நாளில் கதவு சாத்தப்பட்டது. சாத்தியது யார் என்று யாரும் வந்து சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஒரு நெசவாளர் வீடு. பெரியவர் காலமாகிவிட்டார். கரை, முந்தி, புட்டா என்று அவர் கட்டம் கட்டமாகக் கணினியில் வரைந்து வைத்த டிசைன்கள் நூற்றுக்கு மேல் பழைய பெட்டியில் இருந்தன. ஜக்கார்டு அட்டை அடிப்பதற்கான மூல வரைபடம் அவை. (ஜக்கார்டும் லியோன்காரர்தான். அட்டையில் ஓட்டை போட்டுத் தறிக்கு உத்தரவு சொன்னவர்.) பென்டிரைவ் செருகும் துளைகள் துருப்பிடித்துச் செத்துவிட்டன. ஹார்ட்டிஸ்கைக் கழற்றித் தருகிறேன் என்றார் ஒரு கடைக்காரர். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. அவர் கைபட்ட பெட்டி, பிரிக்க வேண்டாம் என்றார்.

"சார், புது லேப்டாப்ல பிங் வருது, ஆனா திறக்கமாட்டேங்குது," என்றார் மகன்.

"தம்பி, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல கொடுத்தது இருக்கா?" என்று கேட்டேன்.

அலமாரி மேலிருந்து எடுத்தார்கள். திறக்கும்போது வரும் பட்டியலில் பாஸ் வரியைத் தேர்ந்தெடுத்தோம். பேத்தி, "இது எதுக்குத் தாத்தா, யாருமே இதைத் தொடமாட்டாங்களே," என்றாள். அதில் இருந்தது பழைய சாம்பா. பழைய பெட்டியின் பாஷை அதற்கு இன்னும் மறக்கவில்லை. பெட்டியின் எண்ணை அடித்ததும், பெரியவர் வைத்த கோப்புறைப் பெயர்கள் வரிசையாக வந்தன: 'மயில்சக்கரம்', 'ருத்ராட்சம்', 'தாழம்பூ ரேக்கு'. அம்மா பின்னாலிருந்து ஒவ்வொன்றையும் படித்தார். அந்த லேப்டாப்பில் இறக்கி, அங்கிருந்து பென்டிரைவுக்கு மாற்ற ஒரு மணி நேரம் போல ஆயிற்று. அதுவரை இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தோம். பழைய பாஷை பேசும் கணினிகளை வெளி உலகத்தோடு சேர்த்து வைக்கக் கூடாது.

புதிய பாஷைக்காரர்களுக்கும் கவலை வருகிறது. 2024 கடைசியில் வந்த விண்டோஸ் 11 பதிப்பில், புரோ வகைக் கணினிகள் ஒவ்வொரு செய்தியிலும் எலெக்ட்ரானிக் கையொப்பம் கேட்கின்றன. கையொப்பமில்லாத கடிதம் வாங்கப்பட மாட்டாது என்ற எங்கள் தபால் பிரிவு விதியேதான். பெயர் சொல்லாமல் விருந்தாளியாக நுழைவதும் அதில் முடியாது. ரூட்டரின் பின்னால் செருகிய ஹார்ட்டிஸ்க்கில் கல்யாணப் போட்டோக்களை வைத்திருப்பவர்கள், புதுக் கணினி வாங்கியதும் அது தெரியவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள். ரூட்டரில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்து, அதன் மென்பொருளைப் புதுப்பித்தால் அநேகமாகத் திறந்துவிடும்.